மேரிலாந்து கணக்கு

ஈசா டவுன், பஹ்ரைன்
3-3-2006

அன்புத் தம்பி உடையப்பனுக்கு,

அக்கா நாகவள்ளி எழுதுவது. நானும் உன் மாமாவும் அக்ஷயும் இங்கே சௌக்கியம். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? மாத்திரை சாப்பிடுகிறாயா, இல்லை முசஃபா சாயாவிலேயே காலம் தள்ளுகிறாயா? போனில் இதைக் கேட்டு முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஒரு கூத்தைக் கேள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பாடத்திட்டம் என்று உனக்குத் தெரியும். சரித்திரம் எடுத்த டீச்சர் பாதி வருஷத்தில் கிளம்பிப் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் எம்.ஏ. சரித்திரம் ஆயிற்றே, அமெரிக்கா பிறந்த கதையை ஏழாம் வகுப்புக்கு நடத்துங்கள் என்று தலையில் கட்டிவிட்டார்கள். நான் படித்தது சோழனும் பாண்டியனும். இப்போது தினமும் பையன்களுக்கு முன்னால் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உடையப்பா, படிக்கப் படிக்க எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. வர்ஜீனியா என்ற இடத்துக்கு முதலில் போனவர்கள் எல்லாம் துரைமார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். பாதிக்கு மேல் கூலிக்குப் போனவர்கள். கப்பலுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள், நாலு வருஷம், ஏழு வருஷம் என் உழைப்பு உனக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார்கள். லண்டன் தெருக்களில் ஏஜென்ட்டுகள் அலைந்து, அங்கே போனால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று ஆள் பிடித்திருக்கிறார்கள். போன முதல் கோடையிலேயே காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கிறார்கள். ஒரு குளிர்காலம் குதிரையைத் தின்று, நாயைத் தின்று, கடைசியில் செருப்புத் தோலை வேகவைத்துத் தின்றார்களாம். இதை யாரிடம் சொல்வது? உன் மாமாவிடம் சொன்னால் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "அப்படியா" என்கிறார். நீதான் சின்ன வயதில் என் பாடப்புத்தகத்தைக் கதை மாதிரி கேட்பாய்.

நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை நீ. இந்தக் கோடையிலாவது லீவு போடு. அங்கே உன்னிடம் இருக்கும் மாப்பிள்ளை பாண்டித்துரையைக் கேட்டதாகச் சொல். நம் சித்தி மகள் ஜோதிமணியின் புருஷன் என்பதை மறந்துவிட்டு வேலை வாங்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
நாகவள்ளி


அய்யனார் துணை

முசஃபா, அபுதாபி
24-3-2006

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி உடையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. மாமாவும் மருமகனும் நீயும் நல்லபடியாக இருக்க அய்யனாரை வேண்டுகிறேன். வயிறு பரவாயில்லை.

உன் கடிதம் வந்த அன்று வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடிந்து ரூமில் எல்லோரும் படுத்திருந்தார்கள். சும்மா உரக்கப் படித்தேன். ஒருத்தன் தூங்கவில்லை அக்கா. செருப்பைத் தின்ற இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்கள். பாண்டித்துரை எழுந்து உட்கார்ந்து, "அப்ப வெள்ளைக்காரனுக்கும் விசா குடுத்துப் பிடிச்சுவைக்கிற கஃபீல் இருந்திருக்கான்"னு சொன்னான். ரூமே சிரித்துவிட்டது. அடுத்த கடிதம் எப்போது என்று தினமும் கேட்கிறார்கள். "டீச்சரக்கா எழுதிருச்சா?" இதுதான் இப்போது கேம்ப்பில் பேச்சு. உனக்கு இங்கே பெரிய மரியாதை.

உன் தம்பிக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கேம்ப் பாஸ் ஆகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. யார் எந்த சைட்டுக்குப் போவது, யாருக்கு எப்போது லீவு என்பதெல்லாம் நான் சொல்வதுதான். நம் ஊர்க்காரர்கள் பதினோரு பேரின் பாஸ்போர்ட்டும் என் கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கம்பெனி ஆபீஸில் கொடுக்க மாட்டோம், உன்னிடம்தான் கொடுப்போம் என்று அவர்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊர்க்காரன் என்றால் அந்த நம்பிக்கை அக்கா.

லீவு போடத்தான் நினைக்கிறேன். வேலை விடமாட்டேன் என்கிறது. மீதிக் கதையைச் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு உன் தம்பி,
உடையப்பன்


ஈசா டவுன்
14-4-2006

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் அனைவரும் நலம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், மோர் குடி.

என் கடிதத்துக்குக் கூட்டம் கூடுகிறது என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே ஏழாம் வகுப்பில் என் முன்னால் கொட்டாவி விடுகிறார்கள். அங்கே எனக்கு ரசிகர்கள்! சரி, இதையும் உரக்கப் படி.

இந்த வாரம் நடத்திய பாடத்தைச் சொன்னால் உங்கள் வயிறு எரியும். அந்தக் கூலிக்காரர்கள் கொடுமை தாங்காமல் காட்டுக்குள் ஓடுவார்களாம். பிடித்துக்கொண்டு வந்தால் என்ன தண்டனை தெரியுமா? எத்தனை நாள் ஓடியிருந்தானோ அதற்கு இரண்டு மடங்கு நாள் கூடுதலாக உழைக்க வேண்டும். மறுபடி ஓடினால் கன்னத்தில் சூடு. இது வர்ஜீனியாவில். பக்கத்திலேயே மேரிலாந்து என்று இன்னொரு நாடு. அங்கே இரண்டு மடங்கு போதவில்லையாம். ஒரு நாளுக்குப் பத்து நாள்! ஒருவன் பத்து நாள் மறைந்திருந்தால் நூறு நாள். வேலைக்காரப் பெண் பிள்ளை பெற்றால் அவளுக்கும் காலம் கூடும். இப்படிச் சட்டம் எழுதியவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கும் போயிருக்கிறார்கள். படித்துவிட்டு எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்னும் கேள். காலம் முடிந்து வெளியே வந்தவனுக்குக் கடற்கரையோரம் நிலம் இல்லை, மேற்கே போ என்றார்கள். மேற்கே ஏற்கெனவே பூர்வகுடிகள் இருந்தார்கள். இவன் போய் அவர்களை விரட்டினான். கொஞ்சம் வசதி வந்ததும் இவனே கப்பலடிக்குப் போய்ப் புதிதாக வந்த கூலியை வாங்கி வைத்துக்கொண்டான். பட்ட கஷ்டம் ஒருத்தனுக்குக்கூடப் பாடமாகவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஜோதிமணி எழுதியிருந்தாள். பாப்பாவுக்கு இதயத்தில் ஓட்டை, மதுரையில் ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன் என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். பாண்டித்துரை அந்தக் குழந்தையை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. அவனுடைய இரண்டு வருஷம் ஜூலையோடு முடிகிறதல்லவா? ஆகஸ்ட் முதல் தேதியே அவனை ஏற்றி அனுப்பிவிடு. இது உன் பொறுப்பு.

உன் அக்கா,
நாகவள்ளி


அய்யனார் துணை

முசஃபா
19-5-2006

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மாமாவுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. காலையிலேயே சைட்டில் கம்பியைத் தொட முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். மேரிலாந்து சங்கதி மிகவும் உபயோகமாக இருந்தது. படித்து முடித்ததும் எல்லோரும் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஆட்களை மேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் காலத்திலும் தெரிந்திருக்கிறது.

பாண்டித்துரை லீவு விஷயம் கம்பெனிதான் முடிவு செய்ய வேண்டும். பார்க்கிறேன். மற்றபடி விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
உடையப்பன்


முருகன் துணை

கீழவளவு
8-7-2006

அன்பும் மரியாதையும் உள்ள நாகவள்ளி அக்காவுக்கு,

தங்கச்சி ஜோதிமணி எழுதும் கடிதம். நானும் பாப்பாவும் இருக்கிறோம். அத்தானும் அக்ஷயும் சுகமா? பாப்பாவுக்குப் பால் குடித்தால் மூச்சு வாங்குகிறது. உதடு சில நேரம் நீலமாகிறது. தேதி வரைக்கும் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா, உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் அவர் கேம்ப்பில் சொல்லாமல் துபாய் போய்விட்டார். சீக்கிரம் ஊருக்கு வர வேறு வழி இருக்கிறதா என்று விசாரிக்கத்தான் போனார். அங்கே சோனாப்பூரில் கூட்டாளி சோலைமுத்து ரூமில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அதற்கு உடையப்பன் அண்ணன், நாலு நாளுக்கு நாற்பது நாள் என்று போட்டுவிட்டது. செப்டம்பர் பத்துக்கு அப்புறம்தான் பாஸ்போர்ட்டாம்.

அவர் போனில் அழுகிறார். கேம்ப்பில் இப்போது அதற்கு மேரிலாந்து கணக்கு என்று பெயராம். "மேரிலாந்து போட்ருவேன்" என்று சொன்னால் எல்லோரும் நடுங்குகிறார்களாம். இது அண்ணன் தானாகச் செய்தது இல்லை, டீச்சரக்கா எழுதி அனுப்பியது, அமெரிக்காவிலேயே இப்படித்தான் என்று உங்கள் கடிதத்தை வைத்துப் படித்துக் காட்டியதாம். நீங்கள் படித்தவர்கள், காரணம் இல்லாமல் எழுதியிருக்க மாட்டீர்கள். அவர் செய்ததும் தப்புதான்.

ஆனால் அக்கா, பத்து நாள் என்று நீங்கள் எழுதியதைக் கொஞ்சம் குறைத்து எழுத முடியுமா? வர்ஜீனியா என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் இரண்டு நாள்தானாம். அதையே இவருக்கும் போட்டால் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கிளம்பிவிடுவார். பாப்பா ஆபரேஷனுக்கு இருப்பார். நீங்கள் எழுதினால் அண்ணன் தட்டாது.

உங்கள் காலில் விழுந்து கேட்கும் தங்கச்சி,
ஜோதிமணி


ஈசா டவுன்
17-7-2006

உடையப்பா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஜோதிமணியின் கடிதம் வந்தது. படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தவள் அக்ஷய் வந்து தோளைத் தொடும்வரை எழுந்திருக்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் என்ன எழுதினேன், நீ என்னத்தைப் படித்தாய்? வயிறு எரியும், சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தேனே, அந்த வரிகள் உன் கண்ணில் படவில்லையா? இல்லை, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரக்கப் படித்தாயா? அநியாயத்தைச் சொன்னால் அநியாயம் செய்யக் கற்றுக்கொள்வான் ஒருத்தன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் என் தம்பி! என் பெயரைச் சொல்லி!

கம்பெனி முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினாய். பொய். பெட்டி உன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, சாவி உன் இடுப்பில் இருக்கிறது. ஜோதிமணி என்னிடம் என்ன கேட்கிறாள் தெரியுமா? சட்டத்தைக் குறைத்து எழுதச் சொல்கிறாள். என்னை! நான்தான் சட்டம் போட்டேன் என்று அந்தப் பெண் நம்புகிறாள். இதைவிட எனக்கு ஒரு அவமானம் வர வேண்டியதில்லை.

உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. இதை மாமாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் நம் வீட்டு மானம் போகும். நீயாகவே திருத்திக்கொள்ள உனக்கு ஒரு சந்தர்ப்பம் தருகிறேன். பாண்டித்துரையின் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு எழுது. அந்தப் பதில் வரும்வரை காத்திருப்பேன்.

நாகவள்ளி


முசஃபா
9-8-2006

அக்காவுக்கு,

உடையப்பன் எழுதுவது. உடனே பதில் எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

நீ ஏசி ரூமில் உட்கார்ந்து நியாயம் எழுதுகிறாய். இங்கே வந்து பார். போன வருஷம் என் ஆட்களில் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உன் ஊர்க்காரன்தானே? இனி ஒருத்தன் ஓடினால் உனக்கு லீவு மாஃபி, கிடையாது"ன்னார். என் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று நீ ஒரு தரமாவது கேட்டாயா? அவர் பீரோவில் இருக்கிறது. நாலு வருஷமாக இருக்கிறது. வேலை விடவில்லை என்று உன்னிடம் சொன்னதெல்லாம் அதுதான். கேம்ப் பாஸ் என்று பெருமையாக எழுதினவன் இதை எப்படி எழுதுவான்?

ஆட்களை நான் அடித்தேனா? சாப்பாடு போடாமல் இருந்தேனா? சத்தம் போட்டால் கேட்க மாட்டார்கள், கெஞ்சினால் மதிக்க மாட்டார்கள். அப்போது உன் கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டிய பிறகு எல்லோரும் அடங்கினார்கள். நீ எழுதியதில் ஒரு நாளைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாண்டித்துரைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் தங்கச்சி புருஷன் என்று விட்டான் என்பார்கள். நாளைக்கு யாரும் என்னை மதிக்க மாட்டார்கள். செப்டம்பரில் அவன் போகட்டும். ஆபரேஷனை டாக்டர்தானே செய்யப்போகிறார்? இவன் அங்கே நின்று என்ன ஆகப்போகிறது?

மாமாவுக்கு வணக்கம்.
உடையப்பன்


ஈசா டவுன்
13-8-2006

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டித்துரைக்கு,

நாகவள்ளி எழுதுகிறேன். உங்கள் உடம்பும் ரூமில் உள்ள மற்றவர்கள் உடம்பும் நலமாக இருக்க வேண்டும். இதைத் தபாலில் போடவில்லை. என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் கணவர் செய்கு முகம்மது வியாழக்கிழமை அபுதாபி வருகிறார். வெள்ளிக்கிழமை மதியம் உங்கள் ரூமுக்கே வந்து உங்கள் கையில் கொடுப்பார். எல்லோரும் இருக்கும்போது இதை நீங்களே உரக்கப் படியுங்கள். என் தம்பியும் கேட்கட்டும்.

நான் எழுதியது சட்டம் இல்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கூலிகளை ஆட்டிவைத்தவர்கள் போட்ட அக்கிரமம் அது. அதைக் கேட்டு நீங்கள் கோபப்படுவீர்கள் என்று எழுதினேன். பயப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆள் பக்கத்தில் இல்லாமல் எழுதுகிறவளுக்கு, அதை யார் குரலில் யார் கேட்பார்கள் என்ற யோசனை வேண்டும். எனக்கு அது இல்லாமல் போய்விட்டது. அதற்கு உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பாஸ்போர்ட் உங்களுடையது. அதைப் பூட்டி வைக்க இன்னொருவருக்கு உரிமை இல்லை என்று இங்கே தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உடையப்பனை நம்பி நீங்களாகக் கொடுத்தீர்கள். நீங்களாகவே திருப்பிக் கேளுங்கள். ஒருவர் போய்க் கேட்காதீர்கள், பதினோரு பேரும் போங்கள். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அவனை அடிக்க வேண்டாம், அவமானப்படுத்த வேண்டாம். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், போதும். மறுத்தால் செய்கு முகம்மதுவோடு நேராகத் தூதரகத்துக்குப் போங்கள்.

இருபத்தொன்றாம் தேதி காலையில் நீங்கள் உங்கள் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
நாகவள்ளி


முசஃபா
20-8-2006

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை மதியம் உன் ஆள் வந்தார். பாண்டித்துரை எழுத்துக்கூட்டிப் படித்தான். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பயந்தவன் என்ற இடத்தில் ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே பெட்டியை இழுத்துத் திறந்துவிட்டேன். பதினோரு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

பாண்டித்துரைக்கு நானே டிக்கெட் எடுத்தேன். நேற்று திருவனந்தபுரம் ஃபிளைட் நிறைந்துவிட்டது, இன்றுதான் கிடைத்தது. ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். சாவி கொடுத்தால் நடக்கிற பொம்மை ஒன்று வாங்கி மடியில் வைத்திருந்தான். வழியெல்லாம் அதற்குச் சாவி கொடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். உள்ளே போகும்போது என் காலைத் தொட வந்தான். தள்ளி நின்றுகொண்டேன்.

மேனேஜருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்ன செய்வாரோ செய்யட்டும்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று மட்டும் நினைக்காதே அக்கா. வேறொன்றும் என்னைக் கேட்காதே. இனிமேல் எனக்குச் சரித்திரம் எழுதாதே.

உடையப்பன்


முருகன் துணை

கீழவளவு
30-8-2006

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

ஜோதிமணி எழுதுகிறேன். நீங்களும் அத்தானும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

அண்ணன் உங்களுக்குச் சொல்லியிருக்குமோ என்னவோ தெரியவில்லை. பாப்பாவுக்குப் பதினாறாம் தேதி ராத்திரி மூச்சு ரொம்ப முட்டிவிட்டது. மதுரைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். இனி தேதிக்குக் காத்திருக்க முடியாது என்று மறுநாளே ஆபரேஷன் செய்தார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் போய்விட்டாள்.

காலையிலேயே அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. தூர தேசத்தில் தனியாக இருக்கிறவனிடம் இதைச் சொல்லக் கூடாது, ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் எப்படியாவது ஏற்றி அனுப்பிவிடு என்று பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணன் சொன்னபடியே அனுப்பி வைத்தது. அவர் திங்கட்கிழமை காலையில் வாசலில் வந்து இறங்கினார். எல்லோரும் கூடியிருப்பதைப் பார்த்துத் தன்னை வரவேற்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார். கையில் பொம்மை இருந்தது.

அவர் உங்கள் கடிதத்தைப் பற்றி மட்டும் சொன்னார். அந்தப் பத்து நாள் சட்டத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்களாமே. நான் கேட்டதை மதித்துச் செய்தீர்கள், ரொம்ப நன்றி அக்கா. அண்ணன் மேல் கோபம் வேண்டாம். அது என்ன செய்யும், இருந்த சட்டப்படிதானே நடந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ரூமில் இன்னும் பிள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். இனிமேல் இதுபோல் ஏதாவது எழுதுவதாக இருந்தால், கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு இது கிடையாது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

உங்கள் தங்கச்சி,
ஜோதிமணி